இரண்டாம் சபையின் விலகல் தீர்மானம்

"எங்க பேரை மாத்தச் சொல்றதுக்கு நீங்க யாரு, பிரதர்?"

போனில் இந்தக் கேள்வி வந்தபோது வெர்ஜில் டாக்கெட்டின் வாயில் பாதிச் சோள ரொட்டி இருந்தது. அவசரமாக விழுங்கினார்.

"யாரு பேரை, டெல்மர்?"

"எங்க சபை பேரை! சனிக்கிழமை மீன் விருந்துல நீங்க சொல்லல? 'முதல் சபைதான் இடிஞ்சு விழுந்தாச்சே, இனிமே நீங்களே முதல் சபைன்னு போட்டுக்கலாமே'ன்னு?"

"அட, அது சும்மா தமாஷுக்குச் சொன்னதுப்பா."

"நீங்க வெறும் டாக்கெட்டா இருந்தா அது தமாஷ். நீங்க சங்கத்து இயக்குநர். அப்போ அது தலையீடு."

போன் வைக்கப்பட்டது. வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொள்வது வெர்ஜிலுக்குப் புதிதில்லை. அதனால் அவர் மிச்ச ரொட்டியையும் நிதானமாகவே சாப்பிட்டு முடித்தார்.

கென்டக்கியின் எங்கள் மலைப் பக்கத்து பாப்டிஸ்டுகளுக்கு பிஷப் கிடையாது, பேராயர் கிடையாது, மேலிடம் என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா. இப்படி முப்பது சொச்சம் ராஜாக்கள் சேர்ந்து லாரல் ஃபோர்க் பாப்டிஸ்ட் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். சேர்ந்து ஊழியம் செய்யலாம், வெள்ளம் வந்தால் சேர்ந்து சேறு அள்ளலாம், வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்து கோழி சாப்பிடலாம். அந்தச் சங்கத்துக்கு ஒரு இயக்குநர் உண்டு. பேர்தான் இயக்குநர், அவர் சொல்லி ஒரு நாற்காலிகூட நகராது. யோசனை சொல்லலாம், அதையும் கேட்டால்தான் சொல்லலாம்.

இந்த வேலையில் பல வருஷம் ஒரு கீறல் விழாமல் தாக்குப்பிடித்தவர் வெர்ஜில். தன் நாக்கு அவிழ்க்க முடியாத முடிச்சு இந்த மலையில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அந்த முடிச்சுகளில் பாதியைப் போட்டதே அந்த நாக்குதான் என்பது அவர் மனைவி நோரீனின் கருத்து.

டெல்மரின் கேன் க்ரீக் இரண்டாம் பாப்டிஸ்ட் சபை மற்ற சபைகளைப் போல இல்லை. அந்தக் காலத்தில் கோயிலுக்குள் பியானோ வைக்கலாமா என்று முதல் சபையில் சண்டை வந்தது. வைக்கலாம் என்றவர்கள் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்து ஆரம்பித்ததுதான் இரண்டாம் சபை. பியானோ இல்லாத முதல் சபை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு பனிக்காலத்தில் கூரையும் விழுந்துவிட்டது. ஆகவே 'இரண்டாம்' என்பது அவர்களுக்கு வெறும் எண் இல்லை. ஜெயித்து வாங்கிய பதக்கம்.

"ஏங்க, அவங்க கோவிச்சுக்கிட்டா நமக்கு என்ன ஆகும் தெரியும்ல?" என்றாள் நோரீன்.

வெர்ஜிலுக்குத் தெரியும். சங்கத்தைச் சேர்ந்த ஒரு சபையில் உறுப்பினராக இருப்பவர்தான் சங்கத்துக்கு இயக்குநராக இருக்கலாம் என்பது விதி. அவரும் நோரீனும் உறுப்பினராக இருந்தது இதே இரண்டாம் சபையில்தான். சபை சங்கத்தை விட்டுப் போனால், வேலை போகும். வேலை போனால், வேலையோடு வந்த இந்த வீடும் போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

வேறு சபைக்கு மாறலாம்தான். ஆனால் எதில் சேர்ந்தாலும் மற்றவை அத்தனையும் "ஏன், நாங்க என்ன குறைச்சல்?" என்று முறைக்கும். தவிர, நோரீன் பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் முழுகி எழுந்தது அந்தச் சபையில். அவளுடைய அப்பா அம்மாவைப் புதைத்தது அந்தச் சபையின் மண்ணில். "நீங்க வேணா மாறுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடும் அந்தச் சபையிலயே பாத்துக்கங்க" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"பயப்படாதே. நேர்ல போய் ரெண்டு வார்த்தை பேசினா முடிஞ்சுது" என்று வெர்ஜில் தொப்பியை எடுத்தார்.

டெல்மர் ஸ்டாம்பர் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் மூத்த டீக்கன். வெர்ஜில் உள்ளே நுழைந்தபோது மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே, "என்ன பிரதர், என் கடைப் பேரையும் மாத்தணுமா?" என்றார்.

"டெல்மர், நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். பேசினது தப்பு. உங்க சபை இரண்டாம் சபையாவே இருக்கட்டும். சங்கத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல."

டெல்மர் மூட்டையைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆட்சேபணை இல்லன்னு சொன்னேன்."

"ஆட்சேபணை இல்லையா? அப்போ ஆட்சேபிக்கறதுக்கு சங்கத்துக்கு உரிமை இருக்குன்னு அர்த்தம். உரிமை இருக்கு, ஆனா பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்க. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்லப்பா…"

"பிரதர், எங்க தாத்தா ராஜாவுக்கும் பயப்படல, பிஷப்புக்கும் பயப்படல. அவரு பேரனுக்கு பேர் வச்சுக்க நீங்க அனுமதி குடுக்கறீங்களா? வர்ற புதன்கிழமை சபைக் கூட்டத்துல தீர்மானம் கொண்டாரேன். இரண்டாம் சபை சங்கத்தை விட்டு விலகுது. நாங்கதான் அசல் பாப்டிஸ்ட். எங்களுக்கு மேல ஆண்டவர், கீழ மண்ணு. நடுவுல ஒரு ஆபீஸும் வேணாம்."

தாத்தா ராஜாவுக்குப் பயப்படவில்லை என்பது உண்மைதான். எந்த ராஜாவும் அவரைப் பயமுறுத்த வந்ததில்லை. இதைச் சொல்லாமல் வெர்ஜில் கடையை விட்டு வெளியே வந்தது, அன்று அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

அடுத்து அவர் நேராகப் போனது அதே சபையின் பாஸ்டர் லாண்டனிடம். லாண்டன் இளைஞர், தாடியும் கிதாரும் உண்டு. டீக்கன் ஒரு பக்கம் இழுத்தால் பாஸ்டர் மறு பக்கம் இழுப்பார், அதுதான் உலக வழக்கம் என்று வெர்ஜில் கணக்குப் போட்டார்.

"பாஸ்டர், டெல்மர் சங்கத்தை விட்டு விலகணும்ங்கறாரு. நீங்க மேடையில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

லாண்டன் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? டெல்மரேவா? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரமா?"

"பிரதர், நானே எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். பலகையில பாப்டிஸ்ட்னு இருக்கறதைப் பாத்ததுமே இளவட்டம் வண்டியைக்கூட மெதுவா ஓட்டறதில்ல. சங்கத்துல இருக்கற வரைக்கும் அந்த வார்த்தையை எடுக்க முடியாது. விலகிட்டோம்னா, அடுத்த மாசமே பேரை மாத்திடலாம். வெறும் 'ஊற்று'ன்னு. எப்படி இருக்கு?"

"சோடாக் கம்பெனி மாதிரி இருக்கு" என்றார் வெர்ஜில்.

ஆக, பாப்டிஸ்ட் என்பது போதவில்லை என்று ஒருவர் விலகப் பார்த்தார். அது அதிகம் என்று இன்னொருவர் விலகப் பார்த்தார். பல வருஷமாக ஜன்னல் திரையின் நிறத்தில்கூட ஒத்துப்போகாத டீக்கனும் பாஸ்டரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். சேர்த்து வைத்த புண்ணியம் வெர்ஜிலுக்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனாலும் மனிதர் அசரவில்லை.

"நாக்கால ஆகாதது ஜெபத்தால ஆகும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"அதையாவது யாருக்கும் தெரியாமப் பண்ணுங்க" என்றாள் நோரீன்.

அவர் ஒரே ஒரு நண்பருக்கு, பக்கத்துப் பள்ளத்தாக்கு பாஸ்டருக்கு, போன் போட்டு ரகசியமாக ஜெபிக்கச் சொன்னார். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் வம்பு பேச மாட்டோம், அது பாவம். ஜெபக் குறிப்பு மட்டும்தான் கொடுப்போம். "அந்த வீட்டுப் பெண்ணுக்காக ஜெபியுங்கள், காரணம் கேட்காதீர்கள்" என்று தொடங்கி, காரணத்தை மூன்று கிளைக் கதைகளோடு சொல்லி முடிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் பாட்டு முடிந்ததும் ஒரு குரல் உருகியது: "கேன் க்ரீக் இரண்டாம் சபைக்காக எல்லாரும் ஜெபிங்க. சாத்தான் அங்க பிரிவினையை விதைச்சிருக்கான். வழி தவறிப் போற அந்த ஆடுகளைச் சங்கத்து மந்தைக்கு ஆண்டவர் திரும்பக் கொண்டாரணும்."

எங்கள் மலையில் அந்த நேரத்தில் ரேடியோ ஓடாத அடுப்படி கிடையாது. மத்தியானத்துக்குள் இரண்டாம் சபையின் அத்தனை வீட்டுக்கும் துக்கம் விசாரிப்பது போல போன் வந்தது. யாரோ ஒரு புண்ணியவதி டெல்மர் வீட்டுக்கு ஒரு பாத்திரம் உருளைக்கிழங்கு சாலடே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சாவு வீட்டுக்குத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கொடுப்பது வழக்கம்.

சாயங்காலம் டெல்மரே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார்.

"பிரதர், நான் ஆடா?"

"அது நான் சொன்னதில்ல டெல்மர், ரேடியோவுல அவங்களா…"

"புதன்கிழமை பாருங்க. நேத்து வரைக்கும் பாதிப் பேரு யோசிச்சுக்கிட்டிருந்தாங்க. இப்போ ஒருத்தர்கூட யோசிக்கல." படியிறங்கியவர் திரும்பினார். "நோரீன், அந்த சாலட்ல உப்பு கம்மி. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா சொல்லிடு."

அவர் வண்டி மறைகிற வரை வெர்ஜில் வாசலிலேயே நின்றார். அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இந்த வீட்டு ஜன்னலில் நோரீன் வளர்க்கும் தக்காளி நாற்றுகளைப் பார்த்தார். வரும் கோடையில் அவை எந்த வீட்டுத் தோட்டத்தில் இருக்குமோ என்று நினைத்தார். நன்மை செய்யத்தானே போனேன், ஆண்டவரே என்று முணுமுணுத்தார்.

"நன்மை செஞ்சது போதும்" என்றாள் நோரீன் பின்னாலிருந்து. "எங்க அப்பா கோவேறு கழுதை வச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? அதை லாயத்துக்குள்ள எப்படிக் கொண்டுபோவாரு?"

"கயித்தைப் பிடிச்சு இழுப்பாரு."

"இழுத்தா அது ஒரு அடி நகராது. வாலைப் பிடிச்சு வெளிப்பக்கமா இழுப்பாரு. என்னையா வெளிய இழுக்கறேன்னு அது திமிறிக்கிட்டு உள்ள போயிடும்."

வெர்ஜில் அவளையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பி வந்தது.

"நோரீன், நீ இயக்குநரா இருக்க வேண்டியவ."

"கொஞ்சமாவது சம்பளம் வர்ற வேலையா இருந்தா சொல்லுங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை சாப்பாடு முடிந்து கூட்டம் தொடங்கியது. வறுத்த கோழியும் அவரைக்காயும் வயிற்றில் இறங்கிய பிறகு கூட்டம் நடத்துவதுதான் எங்கள் வழக்கம். பசியோடு ஓட்டுப் போட்டால் சபை உடையும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறோம். பாஸ்டர் லாண்டன் தலைமை. நோயாளியாக இருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். பியானோ முன்னால் வழக்கம்போல மிஸ் ஆர்டித் உட்கார்ந்திருந்தாள். சபையிலேயே வயதில் மூத்தவள்.

டெல்மர் எழுந்தார். டை கட்டியிருந்தார்.

"இந்தச் சபை லாரல் ஃபோர்க் பாப்டிஸ்ட் சங்கத்தை விட்டு விலகணும்னு தீர்மானம் கொண்டுவரேன்."

"யாராவது வழிமொழியறீங்களா?" என்றார் லாண்டன். குரலில் ஆசை வழிந்தது.

பத்துக் கைகள் கிளம்பின. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கணீர்க் குரல்:

"நான் வழிமொழியறேன்!"

எல்லாத் தலையும் திரும்பியது. வெர்ஜில் டாக்கெட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கிளம்பிய கைகள் பாதியில் நின்றன.

"நீங்களா?" என்றார் டெல்மர்.

"நானும் இந்தச் சபை உறுப்பினர்தானே. எனக்கு உரிமை இருக்கு. விலகறது நல்லதுன்னு படுது. உண்மையைச் சொல்லணும்னா, சங்கத்துல எல்லாருமே கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்க. நீங்க இல்லாட்டி கூட்டம் சீக்கிரம் முடியும்."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. மிஸ் ஆர்டித் கையைத் தூக்கினாள்.

"தீர்மானத்தைப் பத்தி மட்டும்தான் பேசலாம், மிஸ் ஆர்டித்" என்றார் லாண்டன்.

"அதைப் பத்திதான்."

"கொஞ்சம் பொறுங்க. பிரதர் டெல்மர் ஏதோ சொல்ல வர்றாரு."

டெல்மரின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. "ஒரு நிமிஷம். நாங்க போனா அவங்களுக்கு நிம்மதியா?"

"ரொம்ப" என்றார் வெர்ஜில். "வாசல் திறந்தே இருக்கு. உங்க கோட்டு, தொப்பி எல்லாம் நானே எடுத்துக் குடுக்கறேன்."

"எங்களை வெளிய போகச் சொல்றதுக்கு நீங்க யாரு?"

"இயக்குநர்" என்றார் வெர்ஜில் அடக்கமாக.

அவ்வளவுதான். டெல்மர் டையைத் தளர்த்திக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? சங்கம் நம்மள வெளிய தள்ளுது! எங்க தாத்தா இந்த மலையில பாப்டிஸ்டா முழுகினப்போ இந்த ஆபீஸ் எங்க இருந்துச்சு? சுதந்திர சபை, போகணும்னா போகும், இருக்கணும்னா இருக்கும். எவனும் நம்மளப் போகச் சொல்ல முடியாது! என் தீர்மானத்துக்கு எதிரா நானே ஓட்டுப் போடறேன்!"

"ஆமென்!" என்று சுவர் அதிர்ந்தது.

"பலகையில பாப்டிஸ்ட்ங்கற எழுத்தை இன்னும் பெருசாப் போடணும்!" என்று ஒரு குரல்.

"இரண்டாம்ங்கறதையும்!" என்று இன்னொரு குரல்.

மிஸ் ஆர்டித்தின் கை மறுபடியும் எழுந்தது. "பாஸ்டர், எனக்கு ஒரு சின்ன…"

"ஓட்டு முடியட்டும், மிஸ் ஆர்டித்." லாண்டன் காற்று அடிக்கும் திசையைப் பார்த்தார். 'ஊற்று' அவர் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டிருந்தது. "விலகணும்ங்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது, வெர்ஜிலுடையது. தான் வழிமொழிந்ததற்கு மரியாதை வேண்டாமா?

"விலகக் கூடாதுங்கறவங்க?"

பாஸ்டர் உட்பட மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன. நோரீன் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். டெல்மர், வெர்ஜிலின் முகத்துக்கு நேராக வந்து நின்று கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது கல்யாண வீடு. வாழைப்பழப் புட்டிங் இரண்டாம் சுற்று வந்தது. சண்டைக்காரர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். டெல்மர் ஒரு தட்டைக் கொண்டுவந்து வெர்ஜிலின் கையில் திணித்தார்.

"தோத்தவருக்கும் பங்கு உண்டு. ஆனா பிரதர், இன்னொரு தடவை எங்களை சங்கத்துலேர்ந்து கிளப்பப் பாத்தீங்க, உங்க வேலைக்கே நாங்க உலை வச்சுடுவோம்."

"மாட்டேன் டெல்மர். இனி ஜென்மத்துக்கும் மாட்டேன்" என்றார் வெர்ஜில். தோற்றவர் முகத்தை அவரால் நெடுநேரம் வைத்துக்கொள்ள முடியவில்லை; புட்டிங்கில் குனிந்துகொண்டார். வீடு தப்பியது, வேலை தப்பியது, ஓய்வூதியம் தப்பியது. அவருக்கு டெல்மரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்தப் பிடிவாதக்காரர்களை அவர் நிஜமாகவே நேசித்தார். இவர்கள் யாருக்கும் அடங்காதவர்கள், அதனால்தான் யாராலும் இவர்களைப் பிரிக்கவும் முடியாது என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. விளக்கு அணைக்க ஆள் கிளம்பியாகிவிட்டது. வெர்ஜில் ராஜநடை போட்டு வாசலுக்குப் போகும் வழியில், பியானோ மூடியைச் சாத்திக்கொண்டிருந்த மிஸ் ஆர்டித் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன மிஸ் ஆர்டித், உங்களைப் பேசவே விடல. இப்போ சொல்லுங்க. இன்னைக்கு எது கேட்டாலும் சரின்னு சொல்லுவேன்."

"பெருசா ஒண்ணும் இல்ல, பிரதர். சங்கத்தை விட்டு விலகறதில்லன்னு முடிவானதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்படியே எங்க அப்பா இருந்த காலத்துல, சங்கத்துல சேரலாமா வேண்டாமான்னு ஒரு தீர்மானம் வந்து, அடுத்த மாசம் பேசிக்கலாம்னு ஒத்திவச்சாங்களே, அதுக்கப்புறம் யாரும் எடுக்கவே இல்ல. அதையும் எடுத்து முடிச்சுட்டா என்ன?"